பாலிஸ்டிக்: ஏவுகணைக்கு எந்தச் சொல், கோபத்துக்கு எந்தச் சொல்?

ஒரே நாளில் என் மேசைக்கு இரண்டு வாக்கியங்கள் வந்தன. ஒன்றில் வட கொரியா பாலிஸ்டிக் ஏவுகணை ஒன்றைச் சோதித்திருந்தது. இன்னொன்றில், ஃபோன் பில்லைப் பார்த்ததும் ஒரு அப்பா 'வென்ட் பாலிஸ்டிக்', அதாவது கோபத்தில் கட்டுமீறிப் போனார். முதலாவது செய்திக்கு, இரண்டாவது சப்டைட்டிலுக்கு. இயந்திர மொழிபெயர்ப்பு இரண்டாவதற்குக் கொடுத்த தமிழ்: "அப்பா ஏவுகணையாகச் சென்றார்." சிரித்துக்கொண்டே அழித்துவிட்டேன். ஆனால் அந்த இடத்தில் என்ன போடுவது என்று கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதே கேள்வியை அதற்கப்புறம் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். செய்தி எழுதுபவர்களுக்கு ஏவுகணைப் பக்கம் குழப்பம், எறிகணையா பாலிஸ்டிக்கா என்று. சப்டைட்டில் எழுதுபவர்களுக்குக் கோபத்தின் பக்கம் குழப்பம். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

சொல்லுக்குள் என்ன இருக்கிறது

கிரேக்கத்தில் 'பல்லெய்ன்' என்றால் எறிவது. அதிலிருந்து லத்தீனுக்குப் போனது 'பலிஸ்டா': முறுக்கிய கயிற்றின் விசையால் கல்லையும் பெரிய அம்பையும் வீசிய ரோமானியப் போர்ப்பொறி. நம் பக்கமும் இதற்கு ஒரு பங்காளி உண்டு. மதுரைக் கோட்டையின் காவற்பொறிகளை வரிசையாகச் சொல்லும் சிலப்பதிகாரம், அவற்றில் 'கல்லுமிழ் கவண்' என்று ஒன்றையும் சொல்கிறது. கணக்கில் வரும் பரவளையத்தின் ஆங்கிலப் பெயரான 'பரபோலா'வும் அதே பல்லெய்ன் வீட்டுப் பிள்ளைதான். 'ப்ராப்ளம்', 'சிம்பல்' எல்லாமும் அங்கிருந்தே வந்தவை.

ஆக, சொல்லின் அடியில் கிடப்பது ஒரு எறி. கல் கையை விட்டுப் போன பிறகு எறிந்தவனுக்கு அதன்மேல் ஆதிக்கம் கிடையாது, புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். பாலிஸ்டிக் ஏவுகணையும் அடிப்படையில் இதே மாதிரிதான். 1944 செப்டம்பர் 8 அன்று லண்டனில் முதன்முதலாக விழுந்த ஜெர்மனியின் வி-2 ஏவுகணையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இயந்திரம் எரிந்தது 1 நிமிடத்துக்குச் சற்றே அதிகம். பயணம் முழுவதும் சுமார் 5 நிமிடம், தூரம் 300 கிலோமீட்டர் சொச்சம். அந்த முதல் நிமிடம் போக மிச்ச நேரமெல்லாம் அது எறிந்த கல்.

இதற்கு எதிர்ப்பக்கம் குரூஸ் ஏவுகணை. 2001 ஜூன் 12 அன்று முதலில் சோதிக்கப்பட்ட பிரமோஸ் அந்த வகை. விமானம் போலக் காற்றிலேயே, இயந்திரம் கடைசிவரை ஓட, தாழப் பறந்து போய் இடிக்கும். பாலிஸ்டிக் என்ற பெயரடை ஆங்கிலச் செய்தியில் செய்யும் முக்கிய வேலையே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கோபத்துக்கு எப்படி வந்தது? அமெரிக்கப் பேச்சுவழக்கில், 1980களில். வழிநடத்தும் கருவி பழுதாகி, கட்டுப்பாடு இழந்து, போன போக்கில் போகும் ஏவுகணையிலிருந்து வந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இயற்பியலில் பாலிஸ்டிக் பாதை என்பது ரொம்ப ஒழுங்கான பாதை. வேகமும் கோணமும் தெரிந்தால், பிளஸ் ஒன் மாணவர்கூட எங்கே விழும் என்று நோட்டில் போட்டுக் காட்டிவிடுவார். பாலிஸ்டிக் ஆன அப்பா எங்கே விழுவார் என்று எந்தக் கணக்கிலும் வராது. ஒரே சொல், ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் நிற்கும் இரண்டு பொருள். எனவே ஒரு தமிழ்ச் சொல்லை வைத்து இரண்டையும் சமாளிக்கலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுவது நல்லது.

எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

வேறுபாடு தெரிகிறதா என்பது முதலாவது. நான் போடும் சொல் பாலிஸ்டிக்கையும் குரூஸையும் பிரிக்கிறதா? கோபம் என்றால், எரிச்சலையும் வெறியையும் பிரிக்கிறதா?

அடுத்தது, அந்தச் சொல்லுக்கு வேறு ஊரில் வேறு பொருள் இருக்கிறதா. தமிழ்நாட்டில் எழுதுவதை யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் படிக்கிறார்கள்.

மூன்றாவது, தொனி. 'வென்ட் பாலிஸ்டிக்' என்று ஆங்கிலத்தில் சொல்பவர் பாதி சிரித்துக்கொண்டே சொல்கிறார். அந்தச் சிரிப்பு தமிழிலும் கேட்க வேண்டும்.

கடைசியாக இடம். கைபேசி அறிவிப்பில் ஒரு வரி, சப்டைட்டிலில் இரண்டு வரி. இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை சப்டைட்டில் எழுதிப் பார்க்கலாம்.

ஏவுகணைப் பக்கம்

பாலிஸ்டிக் ஏவுகணை

பெரும்பாலான செய்திகளில் இன்று இதுதான் ஓடுகிறது. குரூஸிலிருந்து தெளிவாகப் பிரிக்கிறது. ஊருக்கு ஊர் பொருள் மாறுவதில்லை. ஐந்தே எழுத்து. தேட வருபவர்களும் இப்படித்தான் தேடுகிறார்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரிய செலவு: படிப்பவருக்கு அது ஒன்றுமே சொல்வதில்லை. என் மாமியார் காலையில் கீரை ஆய்ந்துகொண்டே பேப்பரை வாய்விட்டுப் படிப்பார். ஒருநாள் படிப்பதை நிறுத்திவிட்டு, "மாப்பிள்ள, பிளாஸ்டிக்குலகூடவா ஏவுகணை செய்றாங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தாலும், தப்பு அவருடையது இல்லை. அந்தச் செய்தியில் பாலிஸ்டிக் என்ற சொல் ஏழு தடவை வந்திருந்தது, ஒரு தடவைகூட என்னவென்று சொல்லவில்லை. "கல்லை எறிஞ்சா மேல போயி விழும்ல அத்தை, அந்த மாதிரி. கொஞ்ச நேரம்தான் இன்ஜின் எரியும், அப்புறம் தானா போய் விழும்" என்றேன். "இதை எழுதுறதுக்கு என்ன?" என்றார்.

அதுதான் வழி. சொல்லை வைத்துக்கொண்டு, முதல்முறை வரும் இடத்தில் ஒரு வரி சேர்த்துவிடுவது: "உயரே ஏவப்பட்டு, பின்னர் எறிந்த கல்லைப் போல் தானாக இலக்கில் விழும் பாலிஸ்டிக் ஏவுகணை". ஒன்பது சொல் கூடுதல். அதற்குமேல் அந்தச் செய்தி முழுக்கப் பாலிஸ்டிக் என்றே போகலாம்.

எறிகணை

சொல்லாக்கம் என்று பார்த்தால் இதைவிட அழகான சொல் கிடையாது. எறி என்பது பல்லெய்ன். கணை என்பது அம்பு. நமது பாடநூல்களில் எறிபொருள் என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் மாணவர்களுக்கும் உடனே பிடிபடும். சொல்லாக்கத்தில் ஆர்வமுள்ள நண்பர்கள் இதை ஏன் பயன்படுத்தக்கூடாது என்று என்னிடம் சண்டைக்கே வருவார்கள்.

ஏன் கூடாது என்றால், இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஈழத்தமிழில் எறிகணை என்றால் பீரங்கியிலிருந்தும் மோட்டாரிலிருந்தும் வந்து விழும் ஷெல். 'எறிகணை வீச்சு' என்பது அங்கே அகராதியில் தேடிப் பார்க்கும் சொல் இல்லை. பதுங்குகுழிக்குள் இருந்தவர்கள் காதால் அறிந்த சொல். பேச்சில் 'ஷெல்லடி' என்பார்கள், எழுத்தில் எறிகணை. அவர்களிடம் போய் "வட கொரியா எறிகணை சோதித்தது" என்றால், ஒரு ஷெல்லைச் சோதித்ததற்கு ஏன் இவ்வளவு பெரிய செய்தி என்றுதான் தோன்றும். ஒரு சொல் இத்தனை பேருடைய வாழ்க்கையில் ஒரு பொருளில் நிலைத்துவிட்ட பிறகு, அதைப் பிடுங்கி வேறொன்றுக்கு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எறிகணை பொருந்தும் இடம் ஒன்று உண்டு. போர்ச் செய்தியில் பீரங்கிக் குண்டுகளைச் சொல்லும்போது, தமிழ்நாட்டு எழுத்தாளர்களும் தயங்காமல் அதை எடுத்துக்கொள்ளலாம். 'பீரங்கிக் குண்டு' என்பதைவிடக் கச்சிதமான சொல்.

உந்துகணை

சிலர் இதைச் சொல்கிறார்கள். நீண்ட விவாதம் தேவையில்லை. உந்திக்கொண்டே போவது ராக்கெட். பாலிஸ்டிக் என்பதன் சாரமே உந்துதல் நின்ற பிறகு நடப்பது. பொருள் தலைகீழாகிறது. போதாக்குறைக்கு ஈழத்து வழக்கில் தோளில் வைத்துச் சுடும் ஆர்.பி.ஜி. ரகத்தை உந்துகணை என்பதுண்டு.

கண்டம் விட்டு கண்டம் பாயும் ஏவுகணை

காதுக்கு நன்றாக இருக்கிறது, அதனாலேயே கைதவறி எல்லா இடத்திலும் விழுகிறது. இது பாலிஸ்டிக் என்பதற்கு மாற்று கிடையாது. பாலிஸ்டிக் ஏவுகணைகளில் ஒரு தொலைவு வகை. 5,500 கிலோமீட்டருக்கு மேல் போவதைத்தான் ஆயுத ஒப்பந்தங்களில் அப்படி வகைப்படுத்துகிறார்கள். 2012 ஏப்ரல் 19 அன்று முதலில் சோதிக்கப்பட்ட அக்னி-5 அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பது. 5,000 கிலோமீட்டருக்கு மேல் என்பது அறிவிக்கப்பட்ட தொலைவு. அதற்கு இந்த அடைமொழி கொடுத்தால் யாரும் பெரிதாகச் சண்டை போட மாட்டார்கள்.

ஆனால் பிருத்வியும் பாலிஸ்டிக் தான். 1988 பிப்ரவரி 25 அன்று முதலில் பறந்த அதன் முதல் வடிவத்தின் தொலைவு 150 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சென்னையிலிருந்து புதுச்சேரி போகிற தூரம். அதைப் போய்க் கண்டம் விட்டு கண்டம் என்று எழுதினால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கோ கண்டம் மாறுகிறது என்று அர்த்தம். மூலச் செய்தியில் தொலைவு எண் இருந்தால் மட்டும் இந்தத் தொடரைத் தொடுவது என்று நான் வைத்திருக்கிறேன்.

சொல்லையே விட்டுவிடுவது

இதை ஒரு தேர்வாக யாரும் எண்ணுவதில்லை, ஆனால் பல இடங்களில் இதுவே சரி.

2018 ஜனவரி 13, காலை 8:07. ஹவாய் மக்களின் கைபேசிகளில் ஒரு எச்சரிக்கை வந்தது: ஹவாயை நோக்கி பாலிஸ்டிக் ஏவுகணை ஆபத்து, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், இது ஒத்திகை அல்ல. 38 நிமிடம் கழித்துத்தான் அது தவறான எச்சரிக்கை என்று இரண்டாவது செய்தி போனது. அப்படி ஒரு எச்சரிக்கையைத் தமிழில் எழுதச் சொன்னால் நான் பாலிஸ்டிக்கைக் கண்டிப்பாக வெட்டுவேன். "ஏவுகணை வருகிறது, உடனே உள்ளே போங்கள்." குளியலறைக்கு ஓட வேண்டியவருக்கு ஏவுகணையின் ரகம் எதற்கு?

இதற்கு நேர்மாறான இடம் 2024 ஏப்ரல் 13 இரவு. ஈரான் இஸ்ரேல்மீது ட்ரோன், குரூஸ், பாலிஸ்டிக் என மூன்று வகையும் சேர்த்து 300-க்கும் மேல் ஏவியது. ட்ரோன்கள் வந்து சேர மணிக்கணக்கு ஆகும்; பாலிஸ்டிக் ஏவுகணைகள் சில நிமிடங்களில் வந்துவிடும். அன்றைய செய்தியே அந்த நேர வித்தியாசத்தில்தான் இருந்தது. எல்லாவற்றையும் 'ஏவுகணைகள்' என்று மொத்தமாகப் போட்ட செய்திகளைப் படித்தவர்களுக்கு, விடியும்வரை என்ன நடந்தது என்பது புரிந்திருக்காது.

| தேர்வு | குரூஸிலிருந்து பிரிக்கிறதா | மறைந்த செலவு | எங்கே நல்லது |
|---|---|---|---|
| பாலிஸ்டிக் ஏவுகணை | ஆம் | ஒரு வரி விளக்கம் இல்லாமல் புரியாது | செய்தி, கட்டுரை, நூல் |
| எறிகணை | இல்லை | ஈழத்தமிழில் ஷெல் என்று பொருள் | பீரங்கி, மோட்டார் குண்டுகளுக்கு |
| உந்துகணை | இல்லை, குழப்பும் | பொருள் தலைகீழ் | பாலிஸ்டிக்குக்கு எங்கேயும் இல்லை |
| கண்டம் விட்டு கண்டம் பாயும் | ஓரளவு | குறுந்தொலைவுக்குப் பொய். நீளம் | 5,500 கி.மீ. வகைக்கு மட்டும் |
| ஏவுகணை (மட்டும்) | இல்லை | ரகம் முக்கியமான செய்தியில் இழப்பு | எச்சரிக்கை, தலைப்பு, வசனம் |

பாலிஸ்டிக் வேறு சில இடங்களிலும் தலைகாட்டும், அவற்றைச் சட்டென்று தாண்டிவிடலாம். குற்றச் செய்தியில் வரும் 'பாலிஸ்டிக் ரிப்போர்ட்' என்பது எந்தத் துப்பாக்கியிலிருந்து எந்தக் குண்டு வந்தது என்று தடயவியல் துறை தரும் அறிக்கை. 'துப்பாக்கிக் குண்டு ஆய்வறிக்கை' என்றால் போதும், அங்கே எறிதலையோ ஏவுகணையையோ இழுக்க வேண்டாம். 'பாலிஸ்டிக் வெஸ்ட்' என்றால் குண்டு துளைக்காத கவச உடை. இந்த இடத்தில் பெயரடை எறிவதைச் சொல்லவில்லை, எறிந்ததைத் தடுப்பதைச் சொல்கிறது. நேராகப் பெயர்த்தால் போலீஸ்காரர் ஏவுகணையை உடுத்திக்கொண்டு நிற்பார். பெட்டி விற்கும் கடையில் 'பாலிஸ்டிக் நைலான்' என்று எழுதிய சூட்கேஸைப் பார்த்தால் பயப்படாதீர்கள், அது துணியின் பெயர். இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கவசச் சட்டைக்காக வந்த துணி. துப்பாக்கிக் குண்டையெல்லாம் தடுக்காது, விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கி எறிபவர்களைத் தாங்கும்.

கோபப் பக்கம்

இங்கேதான் தமிழ் பணக்கார மொழி, அதனாலேயே சிக்கல். பத்துச் சொல் கையில் இருக்கிறது, பத்தும் வேறு வேறு கோபம்.

முதலில் மூலத்தில் இருப்பது என்ன என்று பார்ப்போம். ஒருவர் 'கோஸ் பாலிஸ்டிக்' என்றால் நான்கு விஷயம் ஒன்றாக வருகிறது. கோபம் திடீரென்று வந்தது. விஷயத்தின் அளவுக்கு மீறி வந்தது. அவர் கட்டுப்பாட்டில் அது இல்லை. சொல்பவர் இப்போது கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார். நான்காவதைத்தான் மொழிபெயர்ப்புகள் அடிக்கடி தொலைக்கின்றன.

நம் அப்பாவையும் அவருடைய ஃபோன் பில்லையும் வைத்தே ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம்.

கடும் கோபமடைந்தார், ஆத்திரமடைந்தார்

பிழை ஒன்றும் இல்லை. உப்பும் இல்லை. கோபத்தின் அளவு வருகிறது, உடம்பு வரவில்லை. போலீஸ் செய்தியின் நடை இது: "இதனால் ஆத்திரமடைந்த அவர்" என்று வாக்கியம் தொடங்கினால் அடுத்து அரிவாள் வரும் என்று தமிழ் வாசகனுக்குத் தெரியும். ஃபோன் பில்லுக்கு அரிவாள் அதிகம். ஆனால் ஓர் அமைச்சர் அவையில் கோபப்பட்டதை நடுநிலையாக எழுத வேண்டிய செய்தியாளர் இதைத்தான் எடுக்க வேண்டும். ஆங்கிலச் செய்தி நிறுவனம் அவரைப் 'பாலிஸ்டிக்' என்று கிண்டலடித்திருந்தாலும், அந்தக் கிண்டலை நாம் சுமக்க வேண்டியதில்லை.

கொதித்தெழுந்தார், வெகுண்டெழுந்தார், பொங்கி எழுந்தார்

இந்த 'எழுந்தார்' குடும்பம் மேடையில் பிறந்தது. அநீதியைக் கண்டவர் எழுவார். கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று சொல்லே சான்றிதழ் கொடுத்துவிடுகிறது. 'பாலிஸ்டிக்' அப்படி எந்தச் சான்றிதழும் கொடுப்பதில்லை. "ஃபோன் பில்லைக் கண்டு அப்பா வெகுண்டெழுந்தார்" என்றால், அது நகைச்சுவை. வேண்டுமென்றே போட்டால் நன்றாகத்தான் இருக்கும்; தெரியாமல் போட்டால் படிப்பவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். தொழிலாளர்கள், மாணவர்கள் என்று ஒரு கூட்டத்தின் கோபத்துக்கு இது மிகப் பொருத்தம்.

ருத்ர தாண்டவம் ஆடினார், சாமியாடினார்

அளவுக்கு மீறியது, கட்டுப்பாடு இழந்தது, தள்ளி நின்று பார்ப்பது எல்லாமே கிடைக்கின்றன. பேச்சில் நான் அதிகம் பயன்படுத்துவது சாமியாடுவதைத்தான். "மேனேஜர் இன்னைக்கு காலைலேயே சாமியாடிட்டார்" என்று அலுவலகத்தில் சொன்னால் விளக்கம் தேவையில்லை.

செலவு எங்கே என்றால், ஆடுபவர் யார் என்பதில். சப்டைட்டிலில் வரும் அப்பா மான்செஸ்டர்க்காரர். அவர் வரவேற்பறையில் ருத்ர தாண்டவம் ஆடினால், ஒரு நொடி படத்தை விட்டுப் பார்வையாளர் வெளியே வந்துவிடுவார். திரையில் தெரிவது மழையும் செங்கல் வீடும், காதில் கேட்பது சிவபெருமான். இன்னொன்று, சாமியாடுவதை உண்மையாகவே வழிபாடாக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. என் ஊரில் கோயில் கொடை அன்று ஆடி, வேப்பிலையோடு நிற்கும் அத்தையிடம் குறி கேட்கக் கைகட்டி நிற்பார்கள். அந்த இடத்தில் இந்த உவமை இளக்காரமாகக் கேட்கும். கதை நடப்பது தமிழ் மண்ணில், பேசுபவரும் நம் ஆள் என்றால் தாராளமாகப் போடுங்கள். மற்ற இடத்தில் வேண்டாம்.

வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்

அன்றைக்குக் கால் மணி நேரம் உட்கார்ந்து நான் எழுதியது இதைத்தான்: "பில்லைப் பார்த்துட்டு அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சார்." எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. மேலே போவது, கீழே விழுவது. நம் பாட்டிமார் எந்த ஏவுகணையையும் பார்க்காமலே பாலிஸ்டிக் பாதையைக் கோபத்துக்கு வரைந்து வைத்திருக்கிறார்கள்.

நான்கு விஷயமும் இதில் உண்டு. திடீர் என்பது குதிப்பில், அளவு மீறல் வானத்தில், கட்டுப்பாடின்மை விழுவதில், சிரிப்பு மொத்தச் சித்திரத்திலும். எந்த மதமும் ஊரும் ஒட்டியிருக்கவில்லை, எனவே மான்செஸ்டர் அப்பாவும் குதிக்கலாம். குறை, நீளம். வேகமாக நகரும் காட்சியில் இரண்டு வரியில் ஒன்றை இதுவே தின்றுவிடும். 'தாம் தூமென்று குதித்தார்' என்று சுருக்கலாம். கொஞ்சம் காரம் குறையும்.

இன்னொரு நுணுக்கம். குதிப்பவருக்கு இலக்கு இல்லை. மூலத்தில் அப்பா யார்மேல் கோபப்பட்டார் என்பதும் இருந்தால், 'என் மேல் பாய்ந்தார்' பக்கம் போக வேண்டும். 'எரிந்து விழுந்தார்' என்று ஒன்று இருக்கிறது. பார்க்கப்போனால் வி-2 செய்ததும் அதுதான், முதலில் எரிந்தது, அப்புறம் விழுந்தது. ஆனால் எரிந்து விழுவது அன்றாடச் சிடுசிடுப்பு. காபி ஆறிப்போனதற்கு எரிந்து விழலாம். பாலிஸ்டிக் ஆவது அதற்கு நான்கு மாடி மேலே.

எகிறினார்

சின்னச் சொல். சப்டைட்டில்காரர்களின் நண்பன். 'பில்லைப் பார்த்ததும் எகிறிட்டார்' என்றால் அரை வரியில் வேலை முடிந்தது. இதற்கு இன்னொரு பலமும் உண்டு. ஆங்கிலத்தில் இப்போதெல்லாம் விற்பனையும் விலையும்கூட 'கோ பாலிஸ்டிக்' ஆகின்றன, கோபமே இல்லாமல், கிடுகிடுவென உயர்ந்தது என்ற பொருளில். தமிழில் தக்காளி விலையும் எகிறும், பந்தும் எகிறும், மனிதரும் எகிறுவார். மூலத்தின் இத்தனை பொருளும் ஒரே தமிழ் வினையில் உட்காருவது எனக்குத் தெரிந்து இங்கே மட்டும்தான்.

செலவு: எகிறுவதில் கொஞ்சம் எதிர்த்துப் பேசும் வாடை இருக்கிறது. "என்னடா எகிறுற?" என்று கேட்பது பெரியவர்கள், எகிறுவது சின்னவர்கள். அப்பாவை எகிற வைத்தால் பிள்ளைக்கு அப்பாமேல் மரியாதை குறைவு என்று தோன்றும். கதையில் அது உண்மையாக இருந்தால் நல்லதாய்ப் போயிற்று. தாத்தாவைப் பற்றிப் பேத்தி பாசமாகச் சொல்கிறாள் என்றால், குதிக்க விடுங்கள், எகிற விடாதீர்கள்.

சென்னைக் கல்லூரிப் பையன் வாயில் 'காண்டாயிட்டார்' வரும். அதே வயதுப் பாத்திரம் பேசினால் போடலாம். 60 வயதுப் பாத்திரத்தின் வாயில் வைத்தால் அவருக்குச் சாயம் பூசிய மாதிரி இருக்கும்.

இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால்

ஆங்கிலத் தலைப்பாளர்களுக்கு வட கொரியா கிடைத்தால் கை அரிக்கும். கோபமும் ஏவுகணையும் ஒரே நாளில் வரும், 'கோஸ் பாலிஸ்டிக்' என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதைத் தமிழாக்குவதற்கு இருப்பது மூன்று வழி.

சிலேடையை விட்டுவிட்டு விஷயத்தைச் சொல்வது ஒன்று. நேரம் இல்லாத நாளில் நான் செய்வது இதுதான், குற்ற உணர்ச்சியெல்லாம் கிடையாது.

இரண்டாவது 'சீறு'. பாம்பு சீறும், மனிதர் சீறுவார், ராக்கெட் விண்ணில் சீறிப் பாயும். ஏவுகணையையும் கோபத்தையும் ஏற்கெனவே ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கும் சொல். ஆனால் ஒவ்வொரு ராக்கெட் செய்தியிலும் 'சீறிப் பாய்ந்தது' என்று எழுதி எழுதி அதன் விஷத்தை நாமே எடுத்துவிட்டோம். கவனமாகப் பார்த்தால் இன்னொரு குறையும் உண்டு: சீறுவது இயந்திரம் எரியும் முதல் சில நிமிடங்கள் மட்டும். பாலிஸ்டிக் பாதை தொடங்கும்போது சத்தமே இருக்காது.

மூன்றாவது, ஏவுகணைக்கும் பொருந்தும் ஒரு கோபத் தொடரையே தலைப்பில் வைப்பது. அதை ஒருமுறை முயன்று பார்த்தேன். 2017 நவம்பர் 29 அன்று வட கொரியா ஏவிய ஹ்வாசாங்-15 பற்றிய ஒரு பழைய கட்டுரை மொழிபெயர்க்க வந்திருந்தது. அந்த ஏவுகணை கிட்டத்தட்ட செங்குத்தாக 4,475 கிலோமீட்டர் உயரம் போய், 53 நிமிடம் கழித்து, வெறும் 950 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுந்ததாக அந்நாடு அறிவித்தது. உயரம் அத்தனை, தூரம் இத்தனூண்டு. கட்டுரையின் ஆங்கிலத் தலைப்பில் வழக்கமான சிலேடை. நான் "வானத்துக்கும் பூமிக்கும் குதித்த வட கொரியா" என்று போட்டு அனுப்பினேன். தலைப்பு நீளம் என்று திரும்பி வந்தது. அப்புறம் "எகிறிய வட கொரியா" என்று மாற்றினேன், அது நின்றது.